டைல்ஸ் போட ஆள் பிடிக்கும்போது எதைப் பார்ப்பது?

வீடு முழுக்கத் தரை டைல்ஸ் மாற்றப் போவதாகவும், மூன்று மேஸ்திரிகள் மூன்று விதமாகக் கூலி சொல்வதாகவும், யாரை நம்புவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் இரண்டு முறை தரை போட்டவன். முதல் முறை கூலியைப் பார்த்து ஆள் பிடித்தேன், இரண்டாவது முறை கையைப் பார்த்துப் பிடித்தேன்.

முதலில் வந்தவர் படுவேகம். ஹாலை ஒரே நாளில் முடித்துவிட்டார். பளபளவென்று இருந்தது, எனக்கும் பெருமைதான். இரண்டு வருடம் கழித்து ஒரு நல்ல வெயில் மதியம், ஆளே இல்லாத ஹாலில் படார் என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், நடுவில் இரண்டு டைல்ஸ் கூடாரம் போட்ட மாதிரி முட்டிக்கொண்டு நிற்கின்றன. தூக்கிப் பார்த்தேன். பின்பக்கத்தில் சிமெண்ட் துளிகூட ஒட்டவில்லை, பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்ததுபோல் சுத்தமாக இருந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. விட்ரிஃபைடு டைல், அதாவது கண்ணாடிபோல் இறுகும்படி சுட்ட டைல், உறிஞ்சும் தண்ணீர் அதன் எடையில் 0.5 சதவீதத்துக்கும் குறைவு. உறிஞ்சாத டைலில் வெறும் சிமெண்ட் பால் பிடிக்காது, அதற்கென்று உள்ள பசைதான் வேண்டும். போதாததற்கு, அவர் டைல்களுக்கு நடுவே இடைவெளியே விடவில்லை, சுவரோடும் இறுக்கி முட்டவைத்துவிட்டார். சூட்டில் தரை விரியும்போது போக வழியில்லாமல் மேலே எழும்பிவிட்டது. இடைவெளி இல்லாமல் போட்டால்தான் அழகு என்று வற்புறுத்தியது நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தெரிந்த மேஸ்திரியாக இருந்தால் மறுத்திருப்பார்.

இரண்டாவது மேஸ்திரி முதல் நாள் ஒரு டைல்கூட ஒட்டவில்லை. நூல் கட்டினார், நீளமான மட்டப்பலகையை வைத்து அறை அறையாகப் பார்த்தார். ஒரு மூலை கிட்டத்தட்ட 12 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. பெரிய டைலுக்கு 3 மீட்டர் நீளத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் இருக்கக் கூடாது என்பார்கள். அதைப் பசையைக் கூட்டிப் போட்டுச் சமாளிக்கக் கூடாது, முதலில் தரையைச் சரி செய்ய வேண்டும் என்றார். தரை உயர்ந்தால் கதவுகள் தட்டும், அடியில் இழைக்க வேண்டியிருக்கும் என்பதையும் அப்போதே சொன்னார். பிறகு பசையே இல்லாமல் டைல்களை வரிசையாகப் பரப்பி, வெட்டுத்துண்டுகள் எங்கே வந்து முடிகின்றன என்று பார்த்தார். வாசலில் இரண்டு விரல் அகலத் துண்டு விழுந்தது. "இது கண்ணை உறுத்தும் சார்" என்று மொத்த வரிசையையும் அரை டைல் நகர்த்தினார். எனக்கோ, ஒரு நாள் வீணாகிறதே என்று உள்ளுக்குள் எரிச்சல்.

ஆகவே உங்களிடம் வரும் மூவரிடமும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "முதல் டைல் ஒட்டுவதற்கு முன்னால் என்னென்ன செய்வீர்கள்?" சிமெண்ட், மணல் கணக்கோடு நிறுத்துபவரை நான் கூப்பிட மாட்டேன். மட்டம், இடைவெளி, கதவு என்று அவரே பேச ஆரம்பித்தால் நல்ல அறிகுறி.

செல்போனில் காட்டும் படங்களை நம்ப வேண்டாம். புதுத் தரை எல்லாமே படத்தில் அழகுதான். ஒரு வருடத்துக்கு முன்னால் அவர் போட்ட வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும் நேரத்தில் பார்த்தால் எந்த டைல் தூக்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம், அந்த வீட்டுக்காரர் அனுமதித்தால் குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். மூலையில் தேங்காமல் ஓடினால் வாட்டம் சரி. மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இறக்கம் இருந்தால் போதும்.

கூலியைச் சதுர அடிக்குப் பேசுவதுதான் எனக்கு வசதி. ஆனால் சதுர அடிக் கணக்கு வேகத்துக்குத்தான் காசு கொடுக்கும். அதனால் தரை சமன்செய்வதைத் தனி வேலையாக எழுதிக்கொள்ளுங்கள். பழைய தரையை உடைப்பது, இடிபாட்டை அள்ளுவது, ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஒட்டும் பட்டை), கிரவுட் (டைல் இடைவெளிகளை அடைக்கும் பூச்சு) இதெல்லாம் யார் கணக்கு என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான்.

வேலை தொடங்கியதும், ஒட்டிய டைல் ஒன்றை ஈரம் காய்வதற்குள் பெயர்த்துக் காட்டச் சொல்லுங்கள். பசை அறைகளில் குறைந்தது 80 சதவீதம், குளியலறையில் 95 சதவீதம் பரவியிருக்க வேண்டும். பல் வைத்த கரண்டியால் இழுத்து ஒட்டுபவர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். நடுவில் ஐந்து உருண்டை வைத்து அமுக்குகிறவருக்குத்தான் கோபம் வரும். மரப்பலகை போன்ற நீள டைல்ஸ் வாங்கியிருந்தால் ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசையைப் பாதி டைல் தள்ளிப் போடவிடாதீர்கள். அவை நடுவில் லேசாக வளைந்திருக்கும், மூன்றில் ஒரு பங்கு தள்ளினால் மேடு தெரியாது.

கடைசித் தவணையை, கிரவுட் காய்ந்து ஒவ்வொரு டைலையும் நாணயத்தால் தட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள். உள்ளே காலியாக இருந்தால் சத்தமே காட்டிக்கொடுக்கும்.

வாங்கும்போது அளவுக்கு மேல் 10 சதவீதம் சேர்த்து, எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண்ணாகப் பார்த்து வாங்குங்கள். மிச்சமாகும் பெட்டியைப் பரணில் போட்டு வையுங்கள். நான் வைக்கவில்லை. அந்த இரண்டு டைலுக்கு அதே நிறம் எங்குமே கிடைக்காமல், மொத்தத் தரையையும் மாற்றும்வரை ஹால் நடுவில் ஒரு கால்மிதி கிடந்தது. வருகிறவர்கள் எல்லாம் அதில் காலைத் துடைத்துவிட்டுப் போனார்கள்.