'காய்க்காத' உண்ணிச்செடியில் பழம் வந்தது ஏன்?

கேள்வி: உண்ணிச்செடி ஒன்றை 'மும்மய ரகம், காய்க்கவே காய்க்காது' என்று சொல்லித் தந்தார்கள். இப்போது அதில் மூன்று கரும்பழங்கள் தெரிகின்றன. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: மூன்று பழத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. உண்ணிச்செடியின் அடிப்படைக் குரோமோசோம் எண் 11. அதன் மடங்குகளாக 22, 33, 44, 55 என்று பல எண்ணிக்கையில் செடிகள் உண்டு. களையாகப் பரவியவற்றில் 44 உள்ள நான்மயம் சாதாரணமாகக் கிடைக்கும். 33 உள்ள மும்மயத்தில் ஒவ்வொரு குரோமோசோமும் மும்மூன்றாக இருப்பதால் குன்றல் பிரிவில் (மகரந்தமும் முட்டையும் உருவாக, குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல்பிரிவில்) சரிபாதியாகப் பிரியாது. ஒரு மகரந்தத்துக்கு 14, இன்னொன்றுக்கு 19 என்று தாறுமாறாகப் போகும், பெரும்பாலானவை சக்கையாகிவிடும்.

ஓட்டை இருப்பது பெண் பக்கத்தில். சில சூல்களில் எண்ணிக்கை குறையாமலே 33-உம் முட்டைக்குள் தங்கிவிடும். பக்கத்து நான்மயச் செடியிலிருந்து 22 கொண்ட மகரந்தம் வந்து சேர்ந்தால், 55 உள்ள விதை உருவாகும். ஆகவே மும்மயம் என்பது உண்மையாகவே இருக்கலாம், 'காய்க்கவே காய்க்காது' என்பதுதான் மிகை.

ஆண் பக்கத்தைச் சோதிப்பது எளிது. விரியப்போகும் மொட்டின் மகரந்தப்பையை 1% அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயத்தின் ஒரு சொட்டில் நசுக்கி, 10 நிமிடம் கழித்து நுண்ணோக்கியில் 300 மணிகளை எண்ணுங்கள். நல்லது உருண்டு திரண்டு சிவந்திருக்கும். சக்கை நிறமேறாமல் சுருங்கி, பதர் மாதிரி கிடக்கும். சாயம் ஏறியதெல்லாம் முளைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

இந்தச் சோதனை பெண் வளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதற்கு 20 பூங்கொத்துகளில் நூல் கட்டி, பூக்களை எண்ணிக் குறித்து, 6 வாரம் கழித்துப் பழங்களை எண்ணுங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: செடியைத் தனியாக, வலைக்குள் வைத்துவிட்டுக் 'காய்க்கவில்லை' என்பார்கள். பூச்சியும் வளமான மகரந்தமும் வராத இடத்தில் நல்ல செடியும் காய்க்காமல் போகலாம். எண்ணிய பழங்களின் கொட்டையை உடைத்தும் பாருங்கள். உள்ளே வெள்ளைப் பருப்பு இல்லையென்றால் அது வெறும் கூடு.

பருப்பு இருந்தால், கருக்கத் தொடங்கும் முன்பே பழக்கொத்தை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் பறவை முந்திக்கொண்டு விதையைப் பரப்பிவிடும். கவாத்துத் தண்டுகளை ஈரமண்ணில் போடாமல் நன்றாகக் காயவிடுங்கள். வேர்விடுவதற்கு 33 உள்ள மும்மயமும் ஒன்றுதான், 44 உள்ள நான்மயமும் ஒன்றுதான்.