முதல் கிராண்ட் சீக்கோ: எது, பாவித்தது வாங்கலாமா?

திருகோணமலையில் இருந்துகொண்டு ஜப்பானின் கிராண்ட் சீக்கோ மணிக்கூட்டை முதன்முதலாக வாங்க எதைப் பார்ப்பது, பாவித்தது சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அநேகமானோர் முகப்பில் மயங்கித்தான் தொடங்குகிறார்கள். பனி படிந்தது போன்ற வெள்ளை முகப்புள்ள எஸ்பிஜிஏ211 மாடல் அப்படியொன்று: டைட்டானியம், 41 மி.மீ., ஸ்பிரிங் டிரைவ் (சுருள்வில்லால் ஓடி, குவார்ட்ஸால் நேரம் சீராகும் இயக்கம்). வினாடிமுள் துடிக்காமல் வழுக்கிக்கொண்டே போகும். பிறகு பார்வை மணிக்கூட்டின் உலோகக் கூட்டு விளிம்புக்குப் போகும். 1967இல் வந்த 44ஜிஎஸ் என்ற பழைய கிராண்ட் சீக்கோவின் கூரிய கோணங்கள் அப்போதுதான் பிடிபடும். அதற்கும் பிறகு பலர் 9எஃப் குவார்ட்ஸை (பற்றரியில் ஓடும் கிராண்ட் சீக்கோ இயக்கம்) மதிக்கத் தொடங்குகிறார்கள்: ஆண்டுக்கு ±10 வினாடிதான் வித்தியாசம். முதல் மணிக்கூடாக அதையே எடுங்கள்.

பாவித்ததென்றால், குழாய் விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஸரட்சு மெருகில் (கண்ணாடிபோல் தட்டையாக்கும் மெருகு) விளக்கின் கோடு நேராக ஓடி, விளிம்பில் வெட்டினாற்போல் நிற்கும். நெளிந்தால், யாரோ மெருகிட்டுத் தேய்த்துவிட்டார்கள். போன உலோகம் திரும்பாது. எவ்வளவு மலிவென்றாலும் விட்டுவிடுங்கள்.

நம் உப்புக்காற்றுக்கும் வியர்வைக்கும் தோல்பட்டி தாங்காது. நிலாவெளிக் கடலுக்குப் போய்வந்தால், சாவிக் குமிழ் இறுக்கமாக இருக்கிறதா பார்த்து, நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். பாவித்ததை, தண்ணீர் புகுமா என்று பார்க்கும் அழுத்தச் சோதனை செய்யாமல் நனைக்கவே வேண்டாம். தண்ணீரைத் தடுக்கும் றப்பர் வளையம் காய்ந்திருக்கலாம்.