ஒரே பெயர், வேறு பறப்பு: பிடித்த டிஸ்க்குக்கு மாற்று சேர்ப்பது எப்படி?

கேள்வி: டெக்சஸில் வாரம் இரண்டு முறை டிஸ்க் கால்ஃப் (தட்டை எறிந்து சங்கிலிக் கூடையில் விழவைக்கும் ஆட்டம்) ஆடுகிறேன். வலக்கை, பேக்ஹேண்ட் (மார்புக்குக் குறுக்கே இழுத்து எறிவது). இரண்டு ஆண்டுகளாக என் பையில் இருக்கும் டி.எக்ஸ். ராக் (ராக் டிஸ்க்கின் பெயர், டி.எக்ஸ். பிளாஸ்டிக்கின் வகை) விட்ட திசையில் நேராகப் போகும். கூடவே இருந்த ஸ்டார் டீபேர்டு சென்ற மாதம் குளத்தோடு போய்விட்டது. அதே பெயர், அதே பிளாஸ்டிக், அதே எடையில் புதிது வாங்கினேன்; பாதித் தூரத்திலேயே இடப்பக்கம் சாய்ந்து விழுகிறது. உடன் ஆடும் நண்பர் ஒரே டிஸ்க்கில் இருபது வாங்கி அடுக்கி வைத்திருக்கிறார். நானும் அப்படிச் சேர்க்க வேண்டுமா? எப்படிப் பார்த்து வாங்குவது, எங்கே வைப்பது?

பதில்: இருபது வேண்டாம். பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு இரண்டோ மூன்றோ போதும். ஆனால் அவை தொலைந்ததைப் போலவே பறக்க வேண்டும், சிக்கல் அங்கேதான். நண்பரின் இருபதும் ஒரே மாதிரி பறக்கும் என்பதற்கு மேலே அச்சிட்ட பெயர் எந்த உத்தரவாதமும் தராது.

உங்கள் புது டீபேர்டு ஏமாற்றியதற்குக் காரணம் இரண்டு. முதலாவது தேய்மானம். மரத்திலும் கல்லிலும் கான்கிரீட் டீ பேடிலும் (எறியும் மேடை) பட்டுப் பட்டு ரிம்மின் (தடித்த ஓர வளையத்தின்) கீழ்விளிம்பில் சிராய்ப்பு விழும், மூக்கு, அதாவது ரிம்மின் வெளிநுனி, மழுங்கும். அப்படி அடிபட்ட டிஸ்க் மெல்ல மெல்ல ஓவர்ஸ்டேபிள் குணத்தை இழக்கும். அதாவது வலக்கை பேக்ஹேண்டில் கடைசியில் இடப்பக்கம் இழுக்கும் ஃபேட் குறைந்து, வேகத்தில் வலப்பக்கம் திரும்பும் டர்ன் கூடும். டீபேர்டுக்கு அதைச் செய்யும் இன்னோவா நிறுவனம் தரும் எண்கள் 7, 5, 0, 2. வரிசையாக வேகம், கிளைடு (மிதப்பு), டர்ன், ஃபேட். அவை கடையிலிருந்து வந்த டிஸ்க்குக்கான எண்கள். குளத்தில் கிடப்பது பல மாதம் அடிபட்டது. உங்கள் கை பழகியது அதற்கு.

இரண்டாவது காரணம் ரன், அதாவது ஒரே தடவையில் வார்த்த தொகுதி. பிளாஸ்டிக் குருணையை உருக்கி மோல்டுக்குள் (வார்ப்பு அச்சுக்குள்) அழுத்திச் செலுத்தி, ஓரளவு இறுகியதும் வெளியே எடுக்கிறார்கள். எடுக்கும்போது சூடு மிச்சமிருக்கும். ஆறும்போது டிஸ்க் இன்னும் சுருங்கும். மெல்லிய மேல்தகடு சீக்கிரம் ஆறும், தடித்த ரிம் மெதுவாக ஆறும். இந்த வித்தியாசம்தான் நடுவில் மேடு, அதாவது டோம், எவ்வளவு எழும் என்பதையும் மூக்கு எந்த உயரத்தில் நிற்கும் என்பதையும் முடிவு செய்கிறது. மோல்டுக்குள் இருக்கும் நேரத்தையோ, சூட்டையோ, பிளாஸ்டிக் கலவையையோ, நிறமியையோ சற்று மாற்றினாலும் போதும்: அதே மோல்டிலிருந்து தட்டையான டீபேர்டும் வரும், குடை கவிழ்த்தாற்போல டோம் வைத்த டீபேர்டும் வரும். பொதுவாகத் தட்டையானது சீக்கிரம் ஃபேட் ஆகும். டோம் உள்ளது அதிக நேரம் மிதக்கும். பிளாஸ்டிக்கைப் பொறுத்தும் மாறும்: ஒரே மோல்டில் சாம்பியன் பிளாஸ்டிக் பெரும்பாலும் ஸ்டாரைவிட ஓவர்ஸ்டேபிளாக இருக்கும், டி.எக்ஸ். இரண்டையும்விடச் சீக்கிரம் தளரும்.

ஆக, வாங்கும்போது தேட வேண்டியது வடிவம். கடைக்குப் போகும்போது உங்களிடம் உள்ள பழைய டிஸ்க்கையும், ஒரு சிறு ஸ்கேலையும் கொண்டு போங்கள். சமையலறைத் தராசு வீட்டில் இருக்கட்டும், அதற்கும் வேலை இருக்கிறது.

மூக்கின் உயரம்தான் முதலில் பார்க்க வேண்டியது. மோல்டின் இரு பாதிகளும் சேர்ந்த இடத்தில் ரிம்மின் வெளிநுனியில் மெல்லிய கோடு ஓடும்; நகத்தால் தடவினால் தட்டுப்படும். பார்ட்டிங் லைன் என்பார்கள். கீழிருந்து இந்தக் கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, டிஸ்க் அந்த அளவுக்கு ஓவர்ஸ்டேபிள். அளக்கக் கருவி தேவையில்லை. சமதளமான மேசையில் இரண்டு டிஸ்க்குகளையும் பறக்கும் வாக்கில் வைத்து, மூக்கோடு மூக்கு தொடும்படி நகர்த்துங்கள். கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பாருங்கள். இரண்டு நுனிகளும் நேருக்கு நேர் முட்டினால் ஒரே உயரம். ஒன்று மற்றதன்மேல் ஏறப் பார்த்தால் ஏறுவதுதான் ஓவர்ஸ்டேபிள். அரை மில்லிமீட்டர் வித்தியாசமே பறப்பில் தெரியும். டிஸ்க்கைச் சுற்றி நான்கு இடங்களில் இப்படிச் சோதியுங்கள். ஓரிடத்தில் ஒத்துப்போய் மற்ற இடத்தில் விலகினால் அது கோணிய டிஸ்க், மாற்றாக எடுக்க வேண்டாம்.

அடுத்தது டோம். ஸ்கேலை நடுமேட்டில் கிடத்தி, இரு ஓரங்களிலும் உள்ள இடைவெளியை ஒப்பிடுங்கள். கட்டை விரலால் நடுவில் அமுக்கியும் பாருங்கள். சிலது கல்லாக நிற்கும், சிலது டப்பென்று உள்ளே போய்த் திரும்பும். அப்படி அமுங்குவது கெட்டது என்று பொருளில்லை. உங்கள் பழையது அமுங்கும் என்றால் புதியதும் அமுங்க வேண்டும், அவ்வளவே.

எடையை வீட்டில் தராசில் வைத்தே நம்புங்கள். அடியில் எழுதியிருப்பது ஓரிரு கிராம் தள்ளியிருப்பது சகஜம். டிஸ்க் கால்ஃப் சங்கமான பி.டி.ஜி.ஏ.வின் விதிப்படி விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம்தான் உச்சம், 21.2 செ.மீ. டிஸ்க்குக்கு அது ஏறக்குறைய 176 கிராம். பழையதிலிருந்து இரண்டு கிராமுக்குள் இருந்தால் போதும். இலேசானதை எதிர்காற்று எளிதில் திருப்பிவிடும் என்பதால், சந்தேகம் வந்தால் கனமானதை எடுங்கள்.

இணையத்தில் வாங்கினால் மேலிருந்து எடுத்த படத்தால் பயனில்லை. அதில் ஸ்டாம்ப், அதாவது மேலே அச்சிட்ட படம்தான் அழகாகத் தெரியும். மேசையில் வைத்துப் பக்கவாட்டில் எடுத்த படம், தராசின் மேல் எடுத்த படம் இரண்டையும் கேளுங்கள். தர மறுப்பவரிடம் மாற்று டிஸ்க் வாங்காதீர்கள்.

இனி எண்ணிக்கை. ஓராண்டில் அந்த டிஸ்க்கை எத்தனை முறை தொலைக்கிறீர்கள் என்று பாருங்கள். அதை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டுங்கள். ஆண்டுக்கு ஒரு டீபேர்டு குளத்துக்குப் போகிறது என்றால் மூன்று. தொலையவே தொலையாத டிஸ்க்குக்கு ஒன்று. இதற்கு மேல் சேர்ப்பதற்கு ஒரே நியாயம், அது இனி கிடைக்காது என்பது. ரப்பரில் டிஸ்க் செய்துவந்த விப்ரம் நிறுவனம் அந்தத் தொழிலையே விட்டது. அதன் பிடிப்புக்கு நிகரான பிளாஸ்டிக் கிடையாது, அதில் பழகியவர்கள் அள்ளிச் சேர்த்ததில் தவறில்லை. இன்னோவாவின் பழைய சி.இ. பிளாஸ்டிக்கும் அப்படித்தான். கிறிஸ்டியன் சான்ட்ஸ்ட்ராம் 2002இல் 250 மீட்டர் எறிந்து அன்றைய உலக சாதனை படைத்தது சி.இ. வால்கிரியில். இன்று அதைத் தேடுபவர்களில் பலர் எறிவதற்காகத் தேடவில்லை, சேகரிக்கத் தேடுகிறார்கள். நிறுத்தாமல் வார்த்துக்கொண்டிருக்கும் ஸ்டார் டீபேர்டை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

எல்லா டிஸ்க்குக்கும் மாற்று தேவைப்படுவதும் இல்லை. அண்டர்ஸ்டேபிள் (வலப்பக்கம் எளிதில் திரும்பும்) டிஸ்க் வாங்கிக் குவிப்பது வீண் செலவு. நேராகப் போகும் டிஸ்க்குகள் அடிபட்டு அடிபட்டுத் தாமாகவே அந்த இடத்துக்கு வந்து சேரும். மாறாக ஃபயர்பேர்டு போன்ற, எண்கள் 9, 3, 0, 4, கடும் ஓவர்ஸ்டேபிளுக்கு இரண்டு மாற்று வைப்பது நல்லது. அதன் வேலையே எதிர்காற்றில் அசையாமல் நின்று ஃபேட் ஆவது. தேய்ந்தால் அந்த வேலைக்கு உதவாது. புட்டரை (கூடைக்குள் போடும் டிஸ்க்கை) ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே ரன்னில் நான்காக வாங்குங்கள்: இரண்டு பைக்கு, இரண்டு பயிற்சிக்கு. பாஸ்கெட் சங்கிலி தினமும் உரசுவதால் பயிற்சிப் புட்டர்தான் முதலில் சொரசொரப்பாகும்.

உங்கள் ராக் விஷயம் தனி. நேராகப் போவதால் அது பிடித்திருக்கிறது. ஆனால் புது ராக்கின் எண்கள் 4, 4, 0, 3. நேராகப் போவதற்காகச் செய்ததல்ல. இரண்டு ஆண்டு அடிபட்டதால் நேரானது. புது டி.எக்ஸ். ராக் பத்து வாங்கி அலமாரியில் அடுக்கினால், பழையது தொலையும் அன்று உங்களிடம் பத்து ஃபேட் ஆகும் ராக் இருக்கும். நேராகப் போவது ஒன்றுகூட இருக்காது. 1987இல் வந்த மோல்ட் இது. அதை நெடுநாள் எறிந்தவர்கள் கண்டுபிடித்த வழி, ஒரே நேரத்தில் மூன்றைப் பையில் வைத்துச் சுழற்றுவது. புதியது ஹைசருக்கும் (வெளி ஓரத்தைத் தாழ்த்தி இடப்பக்கம் வளைய எறிவது) எதிர்காற்றுக்கும். நடுவயதானது நேர் எறிதலுக்கு. கிழடானது வலப்பக்கம் திரும்ப வேண்டிய வளைவுக்கு. கிழடு தொலைந்தாலோ, ஓட்டமே தாறுமாறானாலோ, மற்ற இரண்டும் ஒரு படி இறங்கும். அலமாரியிலிருந்து புதியது ஒன்று உள்ளே வரும். உங்களுக்கு இன்றைய தேவை இரண்டு புது டி.எக்ஸ். ராக், இரண்டையும் இந்த வாரமே எறியத் தொடங்குங்கள். அலமாரிக்கு இன்னும் இரண்டு.

பழக்கும் வேலையைச் சுருக்க உப்புத்தாளால் ரிம்மைத் தேய்க்க ஆசை வரும். விதி அதை அனுமதிக்காது. வார்ப்பில் வந்த பிசிறையும் சிராய்ப்பையும் இலேசாகத் தேய்த்துச் சமப்படுத்தலாம். பறப்பு மாறுமளவுக்குத் தேய்த்தால் அது சட்டவிரோத டிஸ்க், போட்டியில் எறிந்தால் இரண்டு அபராத எறிதல்கள். விரிசல் விட்டதும் துளை விழுந்ததும் அதே வகைதான். மரங்கள் நிறைந்த கோர்ஸில் புதியதை எறிவதுதான் நேர்மையான குறுக்குவழி, டி.எக்ஸ். அங்கே வேகமாகப் பழகும். ஸ்டார் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. அதனால் அந்த டீபேர்டுக்கு இரண்டு வழிகள்: ஒரு சீசன் முழுக்கப் பொறுமையாக எறிந்து பழக்குங்கள், அல்லது வேறொருவர் பையில் அடிபட்ட ஸ்டார் டீபேர்டை வாங்குங்கள். கடைகளில் பழைய டிஸ்க் தட்டு ஒன்று இருக்கும், புதிதைவிட மலிவு. நேராகப் போக வேண்டும் என்பவருக்கு அதுவே மேல். ரிம்மில் ஆழமான வெட்டு மட்டும் இருக்கக் கூடாது.

சேமிப்பில் முதல் எதிரி உங்கள் கார். வெளியே 38 டிகிரி செல்சியஸ் அடிக்கும் நாளில் மூடிய காருக்குள் 60ஐத் தொடும். அந்தச் சூட்டில் பையின் பளுவே டிஸ்க்கைக் கோணலாக்கும், டோமை அமுக்கிவிடும். பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த மாற்று டிஸ்க்கை டிக்கியில் போட்டு வைத்தால் தேர்ந்தெடுத்ததே வீண். வீட்டுக்குள், வெயில் படாத அலமாரி போதும். கராஜும் கோடையில் வேண்டாம்.

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒரே மோல்டில் வந்ததை மட்டும், பத்துக்கு மேல் போகாமல் அடுக்குங்கள். அகன்ற ரிம் உள்ள, தூரம் எறியும் டிரைவரைப் புட்டரின்மேல் வைத்தால் டிரைவரின் ரிம் புட்டரின் மேல்தகட்டில் ஏறி உட்காரும். மாதக்கணக்கில் அப்படிக் கிடந்தால் டோம் போய்விடும். நூலக வரிசை போல நிமிர்த்தி வைக்கலாம், ஆனால் சாய்ந்து நிற்காமலும் நெருக்கித் திணிக்காமலும். சாயமிட்ட டிஸ்க்கை வெளிர் நிறத்தோடு ஒட்டி வைத்தால் சாயம் ஏறும். நடுவில் ஒரு தாள் செருகுங்கள். சில பிளாஸ்டிக்கில் நாளடைவில் வெள்ளைப் படலம் பூக்கும். பயப்பட வேண்டாம், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவினால் போய்விடும்.

ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துண்டுத் தாள் வையுங்கள்: தராசில் வந்த எடை, வாங்கிய மாதம், தட்டையா டோமா, மூக்கு பழையதைவிட உயரமா தாழ்வா. ஓராண்டு கழித்து நினைவிருக்காது.

பெயரை இப்போதே எழுத வேண்டாம். எறியாத, மை படாத டிஸ்க்கைப் போட்ட விலைக்கு ஏறக்குறைய விற்றுவிடலாம், அல்லது வேறு ஒன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். பெயர் எழுதினால் அது கிடையாது. பைக்குள் போகும் நாளில் ரிம்மின் உட்புறம் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதுங்கள், கூடவே 1, 2, 3 என்று எண்ணும் இடுங்கள். ஒரே நிறத்தில் மூன்று ராக் இருந்தால் எது புதியது எது கிழடு என்று டீ பேடில் நின்று தடவிக்கொண்டிருக்கத் தேவையிருக்காது. போட்டி விதியும் ஒவ்வொரு டிஸ்க்கிலும் தனித்த அடையாளம் கேட்கிறது: இல்லாமல் எறிந்தால் முதல் முறை எச்சரிக்கை, அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ஓர் அபராத எறிதல்.