லண்டன் ஆபீஸில் முதல் கிறிஸ்துமஸ் பார்ட்டி: போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். செப்டம்பரில்தான் திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறீர்கள். ஈஸ்ட் ஹாமில் அறை. டிசம்பர் இரண்டாவது வியாழக்கிழமை டீம் பார்ட்டி, ஷோர்டிச்சில் ஒரு ரெஸ்டாரண்டில் சாப்பாடு, அப்புறம் பக்கத்திலேயே ஒரு பார். நீங்கள் குடிப்பதில்லை, முட்டைகூடச் சாப்பிடாத சைவம். "உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடலாமா? போனால் எவ்வளவு செலவாகும், என்ன போட்டுக்கொள்வது, என்ன பேசுவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

நான் 2008-இல் இங்கே வந்தேன். முதல் டிசம்பரில் காய்ச்சல் என்றேன். அடுத்த டிசம்பரில் வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்றேன். நான் வராவிட்டால் யாருக்கு என்ன, என்னைத் தேடவா போகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். மூன்றாவது வருஷம், பக்கத்து மேசையில் இருந்த அம்மா டீ போடும் இடத்தில் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "உனக்கு எங்களைப் பிடிக்கவில்லையோ என்று நினைத்துக்கொண்டிருந்தோம். வருவாயா இந்த வருஷமாவது?" இரண்டு வருஷம் தினமும் பார்த்துக்கொண்ட மனுஷி. எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை. நம் ஊரில் கல்யாண வீட்டுக்கு வந்துவிட்டுக் கை நனைக்காமல் போனால் அந்த வீட்டுக்காரர்களுக்கு மனசு எப்படி இருக்கும்? அந்தச் சங்கடத்தைத்தான் நான் இவர்களுக்கு இரண்டு வருஷம் கொடுத்திருக்கிறேன்.

இங்கே ஆபீஸில் பழகுகிறவர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடும் வழக்கம் ரொம்பக் குறைவு. நிறையப் பேருக்கு உங்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வருஷத்தில் இந்த ஒரு ராத்திரிதான் கிடைக்கும்.

அந்த மூன்றாவது வருஷம் போனேன். எனக்குப் பக்கத்தில் அக்கவுண்ட்ஸில் இருக்கும் ஒரு பெரியவர். அதுவரை மெயிலில் மட்டும்தான் தெரியும், அதுவும் பில் சரியில்லை என்று திருப்பி அனுப்பும் மெயில். தட்டுக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு கிராக்கர் வைத்திருந்தார்கள். பளபளக்கும் காகிதத்தில் பெரிய மிட்டாய் மாதிரி சுற்றி இருக்கும். 1840-களில் டாம் ஸ்மித் என்ற லண்டன் மிட்டாய்க்காரர் கண்டுபிடித்தது. பக்கத்திலிருந்த பெரியவர் தன் கிராக்கரின் ஒரு முனையை என் பக்கம் நீட்டினார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "இழு" என்றார். இழுத்ததும் டப்பென்று ஒரு சத்தம். உள்ளே ஒரு காகிதக் கிரீடம், ஒரு துண்டுச் சீட்டில் ஜோக், சின்னதாக ஒரு நகவெட்டி. கிரீடத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். கொண்டையில் நிற்காமல் அது வழுக்கிக்கொண்டே இருந்தது. ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்து, "இப்போது வை, நிற்கும்" என்றார். அதற்கப்புறம்தான், அந்த வருஷம் மனைவி தவறிவிட்டதையும், அவர் இல்லாமல் வரும் முதல் கிறிஸ்துமஸ் இது என்பதையும் சொன்னார். சாப்பாடு முடியும்வரை மனைவியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். மறுவாரம் மெயிலில் என் பெயரைப் போட்டு, ஊரில் அப்பா சௌக்கியமா என்று கேட்டுத்தான் பில் விஷயத்துக்கு வந்தார்.

சரி, செலவு. பெரும்பாலான கம்பெனிகளில் சாப்பாட்டுச் செலவு அவர்களுடையது. ஊழியர் எல்லோருக்கும் பொதுவான வருடாந்தர விருந்துக்கு ஆளுக்கு 150 பவுண்டு வரை, வாட் என்கிற விற்பனை வரி உட்பட, வருமான வரி கிடையாது. அதற்குமேல் ஒரு பென்னி கூடினாலும் மொத்தத் தொகைக்கும் வரி வரும். அதனால் கம்பெனிகள் அந்தக் கோட்டுக்குள்ளேயே நிற்கப் பார்க்கும். பாரில் 'டேப்' என்று ஒரு தொகை போட்டு வைப்பார்கள். அது தீர்ந்ததும் அவரவர் காசு. ஆஸ்பத்திரி, கவுன்சில் என்கிற உள்ளாட்சி அலுவலகம் மாதிரி இடங்களில் சாப்பாட்டுக்கே ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிப்பதும் உண்டு. ஏற்பாடு செய்கிறவரிடம் "நான் எவ்வளவு தரவேண்டும்?" என்று நேராகக் கேளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நீங்களாகவே ரெஸ்டாரண்டுக்குப் போகும்போது பில்லில் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்ந்திருந்தால் தனியாக டிப்ஸ் வைக்கத் தேவையில்லை. 2024 அக்டோபரிலிருந்து அந்தப் பணம் முழுக்க அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கே போகவேண்டும் என்று சட்டம் இருக்கிறது.

இனி சாப்பாடு. இதை மட்டும் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள்.

நவம்பரிலேயே ஒரு படிவம் அனுப்புவார்கள். ஸ்டார்ட்டர், மெயின், டெசர்ட் என்று மூன்றிலும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தள்ளிப்போட்டால் உங்கள் தட்டில் வான்கோழி வந்து உட்கார்ந்துவிடும். இங்கே வெஜிடேரியன் என்றால் முட்டை உண்டு. ஆகவே வீகன் என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். முட்டை, பால், விலங்குக் கொழுப்பு எதுவும் இருக்காது. பால் வேண்டுமே என்று வெஜிடேரியன் பக்கம் போனால் முட்டை கூடாது என்று தனியாக எழுதுங்கள். மெயினுக்கு அநேகமாக நட் ரோஸ்ட் இருக்கும். கொட்டைப் பருப்புகளை அரைத்து, காய்கறியோடு சேர்த்துச் சுட்டது. நன்றாகச் செய்திருந்தால் ருசியாகவே இருக்கும்.

என் முதல் பார்ட்டியில் வெஜிடேரியன் என்று டிக் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். நடுவில் பெரிய தட்டில் உருளைக்கிழங்கு வந்தது. வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. நாலு துண்டு சாப்பிட்டபின், இது எப்படி இவ்வளவு நன்றாக வந்தது என்று பரிமாறிய பையனிடம் கேட்டேன். வாத்துக் கொழுப்பில் வாட்டியது என்று பெருமையோடு சொன்னான். அவன் மேல் தப்பில்லை. எனக்குத்தான் அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதனால் உருளைக்கிழங்கு எதில் வறுத்தது என்று கேளுங்கள். குட்டி முட்டைக்கோஸ் மாதிரி இருக்கும் பிரஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸில் பேக்கன், அதாவது பன்றி இறைச்சித் துண்டு தூவியிருக்கும். கிரேவி இறைச்சிச் சாறில் செய்ததாக இருக்கும். கிறிஸ்துமஸ் புட்டிங், மின்ஸ் பை இரண்டும் பார்க்க உலர்பழப் பலகாரம்தான். ஆனால் பழைய முறைப்படி செய்தால் சூயட் சேரும், அது மாட்டுக் கொழுப்பு. தாவரக் கொழுப்பில் செய்ததும் கிடைக்கிறது, கேட்டால் சொல்வார்கள். புட்டிங் மேல் பிராந்தி ஊற்றிக் கொளுத்துவதும் வழக்கம். வூஸ்டர் சாஸில் நெத்திலி இருக்கிறது. பார்மெசான் சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். தொட்டால் ஆடும் கிரீம் டெசர்ட் என்றால், விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கே பலருக்கும் தெரியாத ஒன்று. பதினான்கு அலர்ஜிப் பொருள்களைப் பற்றிக் கேட்டால் ரெஸ்டாரண்டுகள் சட்டப்படி சொல்லியாக வேண்டும். முட்டை, பால், மீன், எள், கடுகெல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மாட்டுக் கொழுப்பும் வாத்துக் கொழுப்பும் அதில் கிடையாது. எனவே "அலர்ஜி ஏதாவது?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதிவிட்டு விட்டுவிடாதீர்கள். "இறைச்சிக் கொழுப்பும் கூடாது" என்று கீழே ஒரு வரி சேருங்கள். ஷோர்டிச் பக்கம் சின்னச் சின்னத் தட்டுகளை நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடும் பாணி அதிகம். கரண்டிகள் கலந்துவிடும். உங்களுக்குத் தனித் தட்டு வேண்டும் என்று படிவத்திலேயே கேட்டுவிடுங்கள்.

குடிக்காதது பற்றி நீங்கள் எழுதியிருந்ததில் பயம் தெரிந்தது. உண்மையில் மூன்று வார்த்தை போதும்: "ஐ டோன்ட் ட்ரிங்க்." காரணம் சொல்லவே வேண்டாம். "இன்றைக்கு வேண்டாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒன்றே ஒன்று என்று அன்போடு வற்புறுத்துவார்கள். குடிக்காதவர் நீங்கள் ஒருவர் மட்டும் இருக்கப்போவதில்லை. முஸ்லிம்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், மருந்து சாப்பிடுகிறவர்கள், குடியை விட்டு மீண்டவர்கள், காரில் வந்தவர்கள் எல்லோரும் அந்த மேசையில் இருப்பார்கள். லைம் அண்ட் சோடா எந்த பாரிலும் கிடைக்கும், விலையும் குறைவு. ஆல்கஹால் இல்லாத பீரும் இப்போது சாதாரணம். கின்னஸ் 0.0 இருக்கிறது; லக்கி செயின்ட் என்பதில் 0.5 சதவீதம் உண்டு, துளிகூடக் கூடாது என்றால் இதை நினைவில் வையுங்கள். எல்லோரும் கிளாஸைத் தூக்கும்போது தண்ணீர்க் கிளாஸைத் தூக்கினாலும் சரிதான்.

பாரில் 'ரவுண்டு' என்று ஒரு வழக்கம். நாலு பேர் சேர்ந்து நின்றால் ஒருவர் கவுண்டருக்குப் போய் நாலு பேருக்கும் வாங்கி வருவார், அடுத்தது இன்னொருவர் முறை. உங்களுக்கு ஒருவர் வாங்கித் தந்துவிட்டால், நீங்கள் குடித்தது வெறும் சோடா என்றாலும் உங்கள் முறையில் நீங்கள் வாங்க வேண்டும். வாங்காமல் நழுவுகிறவர்களை இந்த ஊர் லேசில் மறக்காது. ஒரு பைண்ட், அதாவது 568 மில்லி பீர், மத்திய லண்டனில் ஆறேழு பவுண்டு ஆகும். காக்டெயில் அதைப் போல இரண்டு மடங்கு. கட்டுப்படியாகாது என்றாலோ, சாராயம் வாங்கித் தர மனசு ஒப்பவில்லை என்றாலோ, ஆரம்பத்திலேயே "எனக்கு நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று சிரித்தபடி சொல்லிவிடுங்கள். அதில் யாருக்கும் வருத்தமில்லை.

உடைக்கு ரொம்ப யோசிக்காதீர்கள். ஸ்மார்ட் கேஷுவல் என்று போட்டிருந்தால் இஸ்திரி போட்ட சட்டை, கருநிற பேண்ட், துடைத்த ஷூ. ஸ்போர்ட்ஸ் ஷூவை உள்ளே விடாத பார்களும் உண்டு. சீட்டுக் குலுக்கிப் பெயர் சொல்லாமல் பரிசு கொடுக்கும் சீக்ரெட் சான்டாவுக்குப் பத்து பவுண்டு என்றால் பத்துக்குள்ளேயே வாங்குங்கள். அதற்குமேல் செலவழித்தால் வாங்குகிறவருக்குத்தான் கூச்சம்.

அடையாள அட்டை முக்கியம். இருபத்தைந்துக்குக் கீழே தெரிந்தால் வயதுச் சான்று கேட்பது இங்கே நடைமுறை. சில இடங்களில் வாசலிலேயே கேட்பார்கள், குடிக்காதவர் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. உங்கள் விசா ஆன்லைனில்தான் இருக்கும், கையில் அட்டை இருக்காது. வயதுச் சான்றாகக் காட்ட, புரொவிஷனல் டிரைவிங் லைசென்ஸுக்கு, அதாவது நம் ஊர் எல்.எல்.ஆர் மாதிரியானதற்கு, இப்போதே விண்ணப்பியுங்கள். பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாருக்குப் போவதை நினைத்தாலே எனக்குப் பகீரென்கிறது.

பேச்சுக்கு, "கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிறீர்களா?" என்று ஆரம்பியுங்கள். டிசம்பர் 25 அன்று லண்டனில் டியூப் என்கிற சுரங்க ரயில், மற்ற ரயில், பஸ் எதுவும் ஓடாது. அதனால் யார் எப்போது எப்படிப் போகிறார்கள் என்பதிலேயே அரைமணி நேரம் ஓடும். நம் தீபாவளியைச் சொல்லுங்கள், ஆசையாகக் கேட்பார்கள். சம்பளம், வயது, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதெல்லாம் நாம் பாசத்தில் கேட்பது. இங்கே கேட்க வேண்டாம்.

கிளம்பும் நேரத்தை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு முழுக்க இருங்கள், பாரில் ஒரு மணி நேரம், பத்தரைக்குள் மேனேஜருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அதற்கப்புறம் நடக்கிற எதையும் நீங்கள் பார்த்தே ஆகவேண்டும் என்பதில்லை. வெளியிடத்தில் நடந்தாலும் சட்டத்தின் கண்ணில் இது ஆபீஸின் நீட்சிதான். பார்ட்டி முடிந்து தொடர்ந்த குடியில் ஒரு நிர்வாக இயக்குநர் ஊழியரை அடித்ததற்குக் கம்பெனியே பொறுப்பு என்று 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலியல் தொல்லையைத் தடுக்க முன்கூட்டியே நடவடிக்கை எடுப்பது கம்பெனியின் கடமை என்று 2024 அக்டோபரிலிருந்து சட்டமும் இருக்கிறது. உங்களிடமோ வேறு யாரிடமோ ஒருவர் அத்துமீறினால் பார்ட்டிதானே என்று விடாமல் எச்.ஆரிடம் சொல்லுங்கள். யாரையும் போட்டோ எடுத்து எங்கும் போடாதீர்கள்.

உங்கள் பார்ட்டி வியாழன் என்பதைக் கவனியுங்கள். இரவு முழுக்க ஓடும் நைட் டியூப் வெள்ளி, சனி ராத்திரிகளில் மட்டும்தான், அதிலும் ஈஸ்ட் ஹாம் போகும் டிஸ்ட்ரிக்ட் லைன் கிடையாது. கடைசி ரயிலை விட்டாலும் பதற வேண்டாம், ஆல்ட்கேட்டிலிருந்து ஈஸ்ட் ஹாமுக்கு 115-ஆம் எண் பஸ் ராத்திரி முழுக்க ஓடும். ஷோர்டிச்சிலிருந்து ஆல்ட்கேட் நடக்கும் தூரம்தான்.

கடைசியாக, அம்மா அனுப்பிய முந்திரிக்கொத்தை ஆபீஸுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் கொண்டுபோங்கள். விடுமுறைக்கு முந்தைய வாரம் எல்லோரும் எதையாவது கொண்டுவந்து வைப்பார்கள். பாசிப்பயறு, வெல்லம், தேங்காய் என்று உள்ளே இருப்பதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி டப்பா மேல் ஒட்டுங்கள். எள் போட்டிருந்தால் அதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். மேல்மாவில் மைதா இருக்கிறதா என்று அம்மாவிடம் போனில் கேட்டு அதையும் சேருங்கள். காலையிலேயே கொண்டுபோய் வைத்துவிடுங்கள். உங்களுக்கு என்று ஒன்றிரண்டைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பதினோரு மணி டீக்குள் டப்பா காலியாகிவிடும்.