பேசத் தொடங்கும் முன்பே எதிரொலி கேட்கிறது, ஏன்?

கேள்வி: இசிஇ இறுதியாண்டு மாணவி நான். ஒரு கல் மண்டபத்தில் பலூனை உடைத்து அதன் எதிரொலியைப் பதிவு செய்தேன், 2 நொடி. விடுதி அறையில் 5 நொடி பேசிப் பதிவு செய்தேன். இரண்டையும் கன்வல்யூஷன் செய்து, மண்டபத்துக்குள் நின்று பேசியது போல ஒலிக்க வைப்பதுதான் ப்ராஜெக்ட். இரண்டு பதிவும் நொடிக்கு 44,100 மாதிரிகள். நிரலை ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கினேன். எஃப்எஃப்டி நீளம் 2,62,144 என்று அதில் இருக்கிறது. ஓட்டிப் பார்த்தால், நான் பேசத் தொடங்கும்போதே என் கடைசிச் சொற்களின் எதிரொலி மெல்லியதாகக் கேட்கிறது. முடிவில் எதிரொலி பட்டென்று அறுந்துவிடுகிறது. மைக் கோளாறு என்கிறார்கள். 6,000 ரூபாய் கொடுத்தால் ‘அட்வான்ஸ்டு கோடு’ தருவார்களாம். எனக்கு அட்டவணை போட்டு விடை எழுதத் தெரியும், அவ்வளவுதான். வாங்கட்டுமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் மைக்கில் ஒரு குறையும் இல்லை. நிரலில் ஒரே ஒரு எண் தவறு. அதை நீங்களே மாற்றலாம், ஆனால் ஏன் மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்ற வேண்டும். அதற்குச் சமன்பாடு வேண்டாம். தவணைக்குத் துணி விற்பவரின் கணக்கு நோட்டு போதும்.

ஒருவர் தெருத்தெருவாகச் சேலை விற்கிறார். சேலை 400 ரூபாய். வாங்கும் வாரம் 200, அடுத்த வாரம் 100, அதற்கடுத்த வாரம் 100. முதல் வாரம் 3 சேலை, இரண்டாம் வாரம் 1, மூன்றாம் வாரம் 2 விற்றார். பிறகு விற்கவில்லை, வசூல் மட்டும். ஒவ்வொரு வாரமும் கைக்கு வந்தது எவ்வளவு?

முதல் வாரம் 600. இரண்டாம் வாரம் புதிய சேலைக்கு 200, பழைய மூன்று சேலைக்கு 300, ஆக 500. மூன்றாம் வாரம் இரண்டு புதிய சேலைக்கு 400, போன வாரச் சேலைக்கு 100, முதல் வாரத்துச் சேலைகளுக்கு 300, ஆக 800. நான்காம் வாரம் 300. ஐந்தாம் வாரம் 200. நூறுகளில் எழுதினால் 6, 5, 8, 3, 2.

நீங்கள் இப்போது செய்தது கன்வல்யூஷன். விற்பனை 3, 1, 2 என்பது உங்கள் பேச்சு. தவணை 2, 1, 1 என்பது பலூன் உடைந்தபோது மண்டபம் திருப்பித் தந்த எதிரொலி. பேச்சின் ஒவ்வொரு மாதிரியும், அதாவது ஒரு கணத்து ஒலியின் அளவாகப் பதிவான ஒவ்வொரு எண்ணும், ஒரு வார விற்பனை. அதன் ஒலி ஒரே சமயத்தில் தீர்ந்துவிடாமல் இரண்டு நொடிக்குத் தவணை தவணையாக வந்துகொண்டே இருக்கும். ஒரு கணத்தில் நம் காதில் விழுவது, அந்தக் கணத்துப் புதுச் சொல்லும் முன்பு சொன்னவற்றின் மிச்சத் தவணைகளும் சேர்ந்த மொத்த வசூல்.

பாடத்தில் ஒரு வரிசையைத் தலைகீழாக்கிப் பெருக்கச் சொல்வார்களே, எல்லாரும் தடுமாறும் அந்த ‘திருப்பிப் போடுதல்’ எங்கிருந்து வருகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. மூன்றாம் வாரத்தை மறுபடி பாருங்கள். விற்பனையை 3, 1, 2 என்று பழையதிலிருந்து புதியது வரை வாசித்தால், அவற்றோடு பெருக்கிய தவணைகள் 1, 1, 2. தவணை தலைகீழாகிவிட்டது. நாம் எதையும் வேண்டுமென்று திருப்பவில்லை. மிகப் பழைய சேலைதான் மிகக் கடைசித் தவணையில் இருக்கும். அதனால் தானாகவே அப்படி அமைகிறது. பாடப்புத்தகத்தில் ‘என் கழித்தல் கே’ (n − k) என்று வருவது சேலையின் வயது. இந்த வாரத்திலிருந்து விற்ற வாரத்தைக் கழித்தால் வயது. ஜெர்மன் மொழியில் இந்தச் செயலுக்கே ‘ஃபால்டுங்’, அதாவது மடித்தல் என்றுதான் பெயர்.

இந்த ஒரு சொல்லை, ‘வயது’ என்பதை, வகுப்பில் சொல்ல ஐந்து நிமிடம் ஆகாது. சொல்வதில்லை. பதின்மூன்று மதிப்பெண் கேள்விக்கு அட்டவணை முறை, மேட்ரிக்ஸ் முறை, வட்டம் வரையும் முறை என்று மூன்று வழியில் ஒரே விடையை எழுதப் பழக்குகிறோம். விடை எதைக் குறிக்கிறது என்று தேர்வில் யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் கற்பதுமில்லை. நான்கு ஆண்டு முடித்து வரும் பிள்ளைகள் இதற்காக வெளியில் போய்ப் பணம் கட்டுகிறார்கள் என்றால் குற்றம் பிள்ளைகளுடையது அல்ல.

சரி, உங்கள் கோளாறுக்கு வருவோம். மூன்று வார விற்பனை, மூன்று தவணை. வசூல் ஐந்து வாரம். இரண்டு நீளத்தையும் கூட்டி ஒன்றைக் கழித்தால் வரும் நீளம் அது. இப்போது அந்த வியாபாரியிடம் மூன்று பக்கம் மட்டுமே உள்ள நோட்டு இருக்கிறது என்று வையுங்கள். நான்காம் வார வசூலை எங்கே எழுதுவார்? திரும்ப முதல் பக்கத்துக்கே போவார். முதல் பக்கத்தில் 6 இருக்கிறது, அதோடு 3 சேர்ந்து 9. ஐந்தாம் வாரத்தின் 2, இரண்டாம் பக்கத்தின் 5 உடன் சேர்ந்து 7. மூன்றாம் பக்கத்தில் 8 அப்படியே. நோட்டில் இப்போது 9, 7, 8.

எஃப்எஃப்டி என்பது ஒலியை அலைவரிசைகளாகப் பிரித்துத் தரும் விரைவுக் கணக்கு. இரண்டு பதிவையும் அப்படிப் பிரித்து, பெருக்கி, திரும்ப ஒலியாக மாற்றினால் கன்வல்யூஷன் கிடைக்கும். அந்த வழியில் செய்யும்போது நடப்பது அச்சு அசலாக இதுதான். நீங்கள் கொடுக்கும் நீளம் நோட்டின் பக்கங்கள். பக்கம் போதவில்லை என்றால் அது எச்சரிக்காது, நிற்காது. மிச்சத்தை முதல் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். இதற்குத்தான் வட்டக் கன்வல்யூஷன் என்று பெயர்.

உங்கள் எண்களைப் போடுவோம். 5 நொடிப் பேச்சு 2,20,500 மாதிரிகள். 2 நொடி எதிரொலி 88,200. தேவையான நீளம் 3,08,699. நிரல் வைத்திருப்பது 2,62,144. எழுதியவர் பேச்சின் நீளத்தை மட்டும் பார்த்து, அதற்கு மேலே உள்ள இரண்டின் அடுக்கை எடுத்திருக்கிறார். எதிரொலிக்கு இடம் விடவே இல்லை. 46,555 மாதிரிகளுக்குப் பக்கமில்லை. அதாவது ஒரு நொடிக்குச் சற்று மேல். அந்த ஒரு நொடி முடிவிலிருந்து அறுந்து, தொடக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டது. நீங்கள் கேட்ட இரண்டு கோளாறும் ஒரே கோளாறு.

செய்ய வேண்டியது: எஃப்எஃப்டி நீளத்தை 5,24,288 ஆக்குங்கள். இரண்டு பதிவுகளுக்கும் பின்னால் அந்த நீளம் வரை சுழியம் நிரப்பப்படும். மேட்லாப், ஆக்டேவ் ஆகிய கணக்கீட்டு மென்பொருள்களில் நீளத்தைக் கொடுத்தாலே தானாக நிரப்பிவிடும். பெருக்கி, திரும்ப மாற்றி, முதல் 3,08,699 மாதிரிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீளம் இரண்டின் அடுக்காக இருந்தே தீர வேண்டும் என்று இன்றைய மென்பொருளில் கட்டாயமும் இல்லை. 3,08,699 என்றே கொடுத்தாலும் வேலை செய்யும்.

எஃப்எஃப்டியே வேண்டாம், நேரடியாகப் பெருக்கலாமே என்றால், செய்யலாம். 2,20,500 ஐ 88,200 ஆல் பெருக்கினால் 1,944 கோடி பெருக்கல்கள். எஃப்எஃப்டி வழியில் ஆறு கோடி சொச்சம். 1965 இல் ஜேம்ஸ் கூலி, ஜான் டூக்கி என்ற இரு அறிஞர்கள் இந்த வழியை வெளியிட்டது அவ்வளவு பேசப்பட்டது இதனால்தான். இதே உத்தியை ஜெர்மன் கணித அறிஞர் காஸ் 1805 வாக்கிலேயே கண்டிருந்தார், அவர் இறந்த பிறகுதான் அச்சில் வந்தது.

இப்போது நான் உங்களிடம் மிக அழுத்திச் சொல்ல நினைப்பது. எந்த நிரலையும், யார் கொடுத்தாலும், பேச்சுப் பதிவைப் போட்டுச் சோதிக்காதீர்கள். முதலில் 3, 1, 2 ஐயும் 2, 1, 1 ஐயும் கொடுங்கள். 6, 5, 8, 3, 2 வந்தால் சரி. 9, 7, 8 வந்தால் பக்கம் போதவில்லை. 8, 5, 8, 3 வந்தால் நான்கு பக்கம் வைத்திருக்கிறார்கள், இன்னும் ஒன்று குறைகிறது. 3, 4, 9, 4, 4 வந்தால் தவணையைத் திருப்பாமல் பெருக்கியிருக்கிறார்கள். அது கன்வல்யூஷன் அல்ல, கோரிலேஷன், அதாவது இரண்டு வரிசைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்கும் வேறு கணக்கு. சரியான விடையை மனப்பாடம் செய்யவும் தேவையில்லை: 312 ஐ 211 ஆல் பெருக்குங்கள், 65,832. பள்ளியில் படித்த நீள் பெருக்கலே கன்வல்யூஷன்தான். அதில் மிச்சத்தை அடுத்த இடத்துக்கு ஏற்றுவோம், இங்கே ஏற்றுவதில்லை. இந்த எண்களில் ஏற்றவே வேண்டியிராதபடி எடுத்திருக்கிறேன்.

ஒரு கண்ணி இருக்கிறது. ‘கூட்டுத்தொகையைச் சரிபார்’ என்று கைடுகளில் ஒரு குறுக்குவழி போட்டிருப்பார்கள். விற்பனையின் கூட்டல் 6, தவணையின் கூட்டல் 4, பெருக்கினால் 24. விடையின் கூட்டலும் 24 இருந்தால் சரி என்பார்கள். மேலே கொடுத்த நான்கு விடைகளையும் கூட்டிப் பாருங்கள். நான்குமே 24. பணம் தவறான பக்கத்தில் எழுதப்பட்டாலும் மொத்தப் பணம் மாறாதே! அந்தச் சோதனை கூட்டல் பிழையைப் பிடிக்கும், உங்கள் பிழையைப் பிடிக்கவே பிடிக்காது. இன்னொன்று, 1, 2, 1 போல இருபுறமும் ஒன்றாக இருக்கும் எண்களை வைத்து டெமோ காட்டினால் நம்பாதீர்கள். திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் அதற்கு ஒரே விடைதான் வரும், தவறு வெளியே தெரியாது.

ப்ராஜெக்ட் சென்டர்களின் வழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். தலைப்புப் பட்டியலைக் கையில் கொடுப்பார்கள், ஒரு ஜிப் ஃபைல், ஒரு மணி நேர ‘எக்ஸ்பிளனேஷன் கிளாஸ்’. உள்ளே இருக்கும் நிரல் எத்தனை கை மாறி வந்தது என்று அவர்களுக்கே தெரியாது. ஒரு கல்லூரிக்கு வைவா எடுக்கப் போனபோது நான்கு குழுக்களின் அறிக்கையில் ஒரே வரியில் ஒரே எழுத்துப்பிழையைப் பார்த்தேன். நான்கிலும் எஃப்எஃப்டி நீளம் ஒரே எண், பதிவுகளின் நீளமோ வேறு வேறு. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் கடன் வாங்கிக் கட்டிய பணம் அது. உங்களிடம் ‘மைக் கோளாறு’ என்றவர் பொய் சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்ற ஆராய்ச்சி வேண்டாம். இரண்டில் எதுவானாலும் அவரிடம் இன்னொரு நிரல் வாங்கக் கூடாது. ஆக்டேவ் இலவசம். நீங்களாக எழுதினால் இந்த வேலைக்கு இருபது வரிகூட ஆகாது.

வட்டக் கன்வல்யூஷன் எப்போதுமே தவறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வைவாவில் இதைக் கேட்டால் பலர் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் கைப்பேசியின் 4ஜி இணைப்பு வட்டக் கன்வல்யூஷனை வேண்டுமென்றே உண்டாக்குகிறது. கோபுரத்திலிருந்து வரும் அலை கட்டடங்களில் பட்டுப் பட்டு எதிரொலியோடுதான் வந்து சேரும். முதல் பக்கத்துக்குத் திரும்பாத சாதாரண, அதாவது நேர்க் கன்வல்யூஷனாக வந்தால் அந்த எதிரொலியை நீக்குவது பெரும்பாடு. வட்டமாக வந்தால் எஃப்எஃப்டி எடுத்து ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு வகுத்தல், தீர்ந்தது. ஆனால் காற்றுக்கு வட்டமாகச் செய்யத் தெரியாதே, என்ன செய்வது?

அனுப்பப் போகும் துண்டின் வாலை நகலெடுத்து அதன் தலைக்கு முன்னால் ஒட்டி அனுப்புகிறார்கள். நம் எண்களிலேயே செய்து பாருங்கள். 3, 1, 2 இன் கடைசி இரண்டை முன்னால் ஒட்டினால் 1, 2, 3, 1, 2. இதை 2, 1, 1 என்ற தவணையில் விற்று, மூன்றாம், நான்காம், ஐந்தாம் வார வசூலை மட்டும் எடுங்கள். மூன்றாம் வாரம் 6, 2, 1 சேர்ந்து 9. நான்காம் வாரம் 2, 3, 2 சேர்ந்து 7. ஐந்தாம் வாரம் 4, 1, 3 சேர்ந்து 8. அதே 9, 7, 8! சாதாரண வசூலே வட்டமாகிவிட்டது. இந்த ஒட்டுக்கு சைக்ளிக் ப்ரிஃபிக்ஸ் என்று பெயர். 4ஜியில் 66.7 மைக்ரோ நொடித் துண்டுக்கு முன்னால் வழக்கமாக ஏறத்தாழ 4.7 மைக்ரோ நொடி ஒட்டு. எதிரொலி அதற்குள் அடங்கும் வரை கணக்கு சுத்தமாக இருக்கும். அங்கே அது தெரிந்து செய்த வட்டம். உங்கள் நிரலில் இருப்பது தெரியாமல் நேர்ந்த வட்டம்.

நீளத்தை மாற்றிய பிறகும் ஒலி சரியில்லை என்றால் இந்த இடங்களைப் பாருங்கள். பேச்சைக் கைப்பேசியில் 48,000 இலும் பலூனை வேறு கருவியில் 44,100 இலும் பதிவு செய்திருந்தால் முதலில் ஒன்றாக்க வேண்டும். உங்களுடையது ஏற்கெனவே ஒன்றுதான். ஸ்டீரியோ பதிவு என்றால் இரண்டு நெடுவரிசையாக வரும், ஒன்றை மட்டும் எடுங்கள். பலூன் வெடிப்பதற்கு முந்தைய மௌனத்தை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் பேச்சு முழுவதும் அவ்வளவு தாமதமாகத் தொடங்கும்.

கடைசியில் கோப்பாக எழுதும் முன் விடையை, கழித்தல் குறியைப் பாராமல் எடுத்த அதன் மிகப்பெரிய மதிப்பால் வகுங்கள். பல தவணைகள் ஒரே கணத்தில் குவிவதால் எண்கள் ஒலிக்கோப்பு ஏற்கும் எல்லையான ஒன்றைத் தாண்டும். வகுக்காமல் எழுதினால் உச்சங்கள் வெட்டுப்பட்டு ஒலி கரகரக்கும், அதையும் மைக் கோளாறு என்றுதான் சொல்வார்கள்.