பிளானை மாற்றும் முன் கேபிளைப் பாருங்கள்

கேள்வி: ஈரோட்டில் ஜிஎஸ்டி கணக்கு எழுதும் அலுவலகம் வைத்திருக்கிறேன். முன் அறையில் மூன்று, பின் அறையில் ஐந்து எனக் கணினிகள் எட்டு, பிரிண்டர் ஒன்று. 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. வைஃபை எட்டாததால் பின் அறையில் இன்னொரு ரவுட்டரை மாட்டினோம். அப்போதிலிருந்து பின் அறைக் கணினிகளுக்குப் பிரிண்டர் தெரிவதில்லை. டாலி (கணக்கு எழுதும் மென்பொருள்) திறக்கவும் வெகுநேரம் ஆகிறது. 500 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறச் சொல்கிறார் கடைக்காரர். மாறலாமா?

பதில்: மாறாதீர்கள். நீங்கள் சொன்ன இரண்டு குறைகளுக்கும் இணைய வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. டாலியின் தரவு உங்கள் அலுவலகத்துக் கணினி ஒன்றில்தான் இருக்கும். பின் அறையில் அதைத் திறக்கும்போது தகவல் கட்டடத்துக்குள்ளேயே போய் வருகிறது. இணைய இணைப்பைத் துண்டித்தாலும் அந்த வேலை நடக்கும். அதற்காக மாதாமாதம் கூடுதல் பணம் கட்டுவது வீண்.

பிரிண்டர் தெரியாததற்குக் காரணம் இரண்டாவது ரவுட்டராக இருக்க வேண்டும். அதன் 'வேன்' (வெளியிலிருந்து இணையம் வரும்) போர்ட்டில் கேபிளைச் செருகியிருந்தால், அது தனக்குக் கீழே தனி நெட்வொர்க் ஒன்றை அமைத்துக்கொள்ளும். இரண்டு அறைகளிலும் ஒவ்வொரு கணினியின் ஐ.பி. முகவரியை (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்ணை) பாருங்கள். முன் அறையில் 192.168.1 என்றும், பின் அறையில் 192.168.0 என்றும் தொடங்கினால் நடந்தது அதுதான். பின் அறை ரவுட்டரின் அமைப்பில் 'ஆக்சஸ் பாயிண்ட்' என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். தனி நெட்வொர்க் அமைக்காமல், முதல் ரவுட்டரின் நெட்வொர்க்கையே அது நீட்டித்துத் தரும். அந்த வசதி இல்லையென்றால், அதன் முகவரியை முதல் ரவுட்டரின் வரிசையிலேயே வேறு எண்ணாக மாற்றி, டிஎச்சிபியை (கணினிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதியை) நிறுத்தி, அதன் பிறகு கேபிளை 'லேன்' (உள்ளே இருக்கும் கணினிகளுக்கான) போர்ட்டுக்கு மாற்றுங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை. பிரிண்டருக்கு ரவுட்டரிலேயே நிலையான முகவரி ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். கரண்ட் போய் வரும்போது பிரிண்டரின் முகவரி மாறிப்போய் 'ஆஃப்லைன்' என்று காட்டும் தொல்லையும் தீரும்.

இனி வேகம். டாலி தரவு இருக்கும் கணினி வைஃபையில் ஓடுகிறது என்றால் முதலில் அதைக் கேபிளுக்கு மாற்றுங்கள். பிறகு ஒவ்வொரு கணினியிலும் நெட்வொர்க் அமைப்பில் 'லிங்க் ஸ்பீட்' என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 இருந்தால், வழியில் எங்கோ ஓர் இடம் குறுகியிருக்கிறது. 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட்தான். அந்த வழியில் 500 எம்பிபிஎஸ் பிளான் வந்து நின்றாலும் 100தான் உள்ளே நுழையும்.

குறுகும் இடம் பெரும்பாலும் கேபிளின் முனைதான். அங்கே கண்ணாடி போல இருக்கும் பிளாஸ்டிக் கிளிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே எட்டு வண்ணக் கம்பிகளும் முனை வரை வந்து சேர்ந்திருக்க வேண்டும். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்துக்கு எட்டும் தேவை, 100க்கு நான்கு போதும். கேபிளை மிச்சம் பிடிக்க ஒரே கேபிளின் கம்பிகளை நான்கு நான்காகப் பிரித்து இரண்டு கணினிகளுக்குக் கொடுத்துவிடும் வேலையாட்கள் உண்டு. அடுத்து நெட்வொர்க் ஸ்விட்ச் (கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) இருந்தால் அதையும், ஃபைபர் பெட்டியையும் பாருங்கள். சில பெட்டிகளில் நான்கு போர்ட் இருந்தாலும் ஒன்று மட்டுமே கிகாபிட்.

புதிதாக வாங்க வேண்டியவை இரண்டே. ஒன்று, கிகாபிட் ஸ்விட்ச். எட்டுக் கணினி, பிரிண்டர், இரண்டு ரவுட்டர்கள் என மொத்தம் பதினொன்று வருவதால் 8 போர்ட் போதாது, 16 போர்ட் கேளுங்கள். இன்னொன்று, கேட்-6 கேபிள். இங்கேதான் ஏமாறுகிறார்கள். விலை மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் 'சிசிஏ' வகை: உள்ளே அலுமினியம், மேலே மட்டும் செம்புப் பூச்சு. கம்பியைப் பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். சுத்தச் செம்பு உள்ளேயும் சிவந்தே இருக்கும். சிசிஏ கம்பி வளைத்தால் எளிதில் முறியும். பில்லில் 'பியூர் காப்பர்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு கடைக்குப் போங்கள். கரண்ட் ஒயர் போகும் குழாயிலேயே இதையும் திணிக்க விடாதீர்கள்.

கேள்வி: கடையின் சிசிடிவியை வீட்டிலிருந்து செல்போனில் பார்க்க ஸ்டேடிக் ஐ.பி. (மாறாத இணைய முகவரி) கட்டாயம் என்று கூடுதல் கட்டணம் கேட்கிறார்கள். உண்மையா?

பதில்: கட்டாயமில்லை. இப்போது விற்கும் பெரும்பாலான டிவிஆர்களில் (கேமரா படங்களைப் பதிவு செய்யும் பெட்டிகளில்) கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து, நிறுவனத்தின் செயலி வழியாகவே பார்க்கலாம். டிவிஆருடன் வந்த பாஸ்வேர்டை மட்டும் அன்றே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பத்து நாட்களாக நெட் இல்லை, பணத்தைத் திருப்பித் தரவும் மறுக்கிறார்கள். சிறிய ஜெராக்ஸ் கடை நடத்தும் நான் நுகர்வோர் நீதிமன்றம் போக முடியுமா?

பதில்: முடியும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்தும் சுயதொழிலுக்கு அதிலேயே விலக்கு உண்டு. தொலைத்தொடர்புச் சேவைக் குறைபாட்டை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றமும் 2022இல் தெளிவாக்கிவிட்டது. முதலில் நிறுவனத்தில் புகார் கொடுத்து எண் வாங்குங்கள். அங்கே தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் பதிவு செய்யுங்கள். இணைப்பு இல்லாத நாட்களில் ரவுட்டரில் எரியும் சிவப்பு விளக்கைத் தினமும் படம் எடுத்து வையுங்கள்; வாய்மொழியாகக் கொடுத்த புகார்களை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்திலும் ஒருமுறை அனுப்பிவிடுங்கள்.