தைராய்டு அகற்றிய பின் விரல் நுனிகள் மதமதப்பது ஏன்?

தைராய்டு சுரப்பியை முழுவதுமாக அகற்றிய மூன்றாம் நாளில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மதமதப்பு ஏற்படுவதன் காரணத்தைக் கேட்டிருக்கிறீர்கள். தைராய்டின் பின்புறம் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் நான்காக அமைந்த, அரிசிமணி அளவேயான பாராதைராய்டு சுரப்பிகள்தாம் இரத்தத்தின் கால்சியம் அளவைக் காக்கின்றன. அறுவையின்போது அவற்றின் இரத்த ஓட்டம் குறைந்தாலோ, அவையும் சேர்ந்து நீக்கப்பட்டுவிட்டாலோ, கால்சியம் சரிந்து மதமதப்பும் தசைப்பிடிப்பும் தோன்றும். இதை வெறும் உடற்சோர்வு என்று எண்ணிக் காத்திருப்பது தவறு. அன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கை இழுத்துக்கொண்டாலோ வலிப்பு வந்தாலோ தாமதமின்றி அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். அங்கு இரத்தக் குழாய் வழியாகக் கால்சியம் ஏற்றுவார்கள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ இச்சுரப்பிகள் மீண்டுவிடுகின்றன. பலர் கவனிக்காத ஒன்று: கால்சியம் மாத்திரைக்கும், தைராய்டு ஹார்மோனுக்கு ஈடாக வெறும் வயிற்றில் உட்கொள்ளும் தைராக்சின் மாத்திரைக்கும் இடையே 4 மணி நேர இடைவெளி தேவை.